முணுமுணுக்கும் டயர்கள்

அன்பிற்கு முழுமையாகவும் மதிப்பிற்கு ஓரளவும் உரிய தம்பிக்கு,

உன் அக்காள் எழுதிக்கொள்வது. எங்கள் இருவரின் உடல்நலத்திற்கும் குறைவில்லை. எங்கள் தேனீக்களின் நலம் குறித்தும், நம் இரு குடும்பங்களின் உறவின் நலம் குறித்தும் அவ்வாறு உறுதி கூற இயலாததால் இக்கடிதம். எழுதும் இடம், டயர் கடையின் காத்திருப்பு அறை. எதிரே, கண்ணாடிச் சுவருக்கு அப்பால், நீ எங்கள் பிக்கப் வண்டிக்குத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டுப் போன டயர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. நீ வருந்துவாய் என்பதை அறிவேன். வருந்தத்தான் வேண்டும்.

சென்ற முறை வந்திருந்தபோது எங்கள் பழைய டயர்களைக் காலால் தட்டிப் பார்த்து, "என்னக்கா இது, சைக்கிள் டயர் மாதிரி? பிக்கப்னா மலை ஏறணும்" என்று நீ சொன்னது நினைவிருக்கும். ஏற வேண்டிய மலை எது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து தேனீப் பெட்டிகள் இருக்கும் பழத்தோட்டத்திற்கும், அங்கிருந்து தேன் புட்டிகளை வாங்கும் கடைகளுக்கும் போய்வருகிற வண்டி அது. தோட்டத்து வாயிலை ஒட்டிய மண்தடம் நீங்கலாக மற்றதெல்லாம் தார்ச்சாலை. அந்த மண்தடத்திலும் மழைநாளில் தபால்காரர் சைக்கிளில் வந்து, தடுமாறாமல் திரும்பிப் போகிறார். இருந்தும் நீ, முதலையின் முதுகை ஒத்த பட்டன்கள் கொண்ட சேற்று டயர்களை வரவழைத்துப் பூட்டினாய். புது மாப்பிள்ளையைப் போல அவை முதலில் அடக்கமாகத்தான் இருந்தன. பிறகு முணுமுணுக்கத் தொடங்கின. வண்டி கிளம்பியதும் அடியிலிருந்து, இல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒரே சுருதியில் ஓர் ஓசை. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஏனோ மிகவும் பழகிய ஓசை. வண்டி நின்ற பின்னும் அது அடங்குவதில்லை. ரப்பர் அதிர்வை நெடுநேரம் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் என்பதை எவர் உதவியுமின்றி நானே ஆராய்ந்து கண்டறிந்தேன்.

அதே வாரத்தில்தான் நாலாம் பெட்டித் தேனீக்கள் ராணியோடு சேர்ந்து கூண்டோடு வெளியேறின. பெட்டியை வேறு மரத்தடிக்கு மாற்ற வண்டியில் ஏற்றி வைத்திருந்தோம். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டி காலி. அந்த டயர்களின் இரைச்சல் பொறுக்காமல்தான் அவை குடிபெயர்ந்தன என்பது என் முடிவு. பூச்சிக்கே பொறுக்கவில்லை என்றால் உன் அத்தான் எம்மாத்திரம்? "உன் தம்பி என் பிடரிக்குப் பின்னால உக்காந்து ஓயாம பேசிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு" என்றார். நானும் அதை ஒரு நகைச்சுவையாக உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீ சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "டயர்ல ஒண்ணுமில்ல, அத்தான் காதுக்கு வயசாயிடுச்சு" என்று சொன்னாய். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அவருக்கு வயதானதாக நீ குறிப்பிட்ட அதே காதில் அது தெளிவாக விழுந்தது.

அன்று முதல் அவர் வண்டியைத் தொடவில்லை, நான்தான் ஓட்டுகிறேன். அதோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். உன் மகள் திருமணத்திற்கும் வரப்போவதில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அழைப்பிதழைத் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டார். தூக்கி வளர்த்த பெண்ணின் திருமணம், தம்பி. எப்படியோ சேதி தெரிந்து அவளே என்னை அழைத்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. "மாமா வரலேன்னா நான் மேடை ஏற மாட்டேன் அத்தை. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இனி நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். இரண்டு பேர் என்று அவள் குறிப்பிட்டது உன்னையும் என்னையும் என்று கொள்கிறேன்.

எனவே டயர் மாற்றுவதென்று தீர்மானித்தேன். இந்தக் கடைக்காரர் எவர் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் இயல்பினர். சேற்று டயர் ஓசை எழுப்பும் அல்லவா என்றேன், எழுப்பும் என்றார். எழுப்பாது என்று என் தம்பி வாதிடுகிறானே என்றேன், அப்படியும் சொல்வார்கள் என்றார். வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தவர், தேனீக்கள் அதிகமாக இருக்கின்றனவே என்று மட்டும் சொல்லிப் பின்வாங்கினார். எங்கள் வண்டியில் தேனீ இல்லாவிட்டால்தான் வியப்பு என்று விளக்கினேன். அதற்கும் ஒப்புக்கொண்டார். ஆகவே தேர்வு முழுவதும் என்னுடையது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் குனிந்து, ஒன்று விடாமல் வாசித்து முடித்தவள் நம் குடும்பத்தில் நான் ஒருத்தியே. முதலில் பார்க்க வேண்டியது அழகன்று, சுமை தாங்கும் அளவு. அடுத்து, ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் திறன். அதன் பின்னரே மண்ணும் சேறும். தார்ச்சாலை, சேறு இரண்டுக்கும் பொதுவான வகை ஒன்றும் இருந்தது; வேண்டாமென்றேன். அன்றாடம் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு ஆண்டில் என்றோ ஒரு நாள் மிதிக்கப்போகும் சேற்றை எண்ணி டயர் வாங்குவது, எப்போதோ மழை வரும் என்று வீட்டுக்குள்ளும் குடை பிடித்து நடப்பதற்கு ஒப்பாகும். சாதாரணச் சாலை டயர், கனச் சுமைக்கு உரியது, அதையே தேர்ந்தேன். உன் டயர்களை இங்கு வந்திருக்கும் மரக்கடைக்காரர் ஆசையோடு விலை பேசி, தம் வண்டியில் மாட்டிக்கொள்ளக் காத்திருக்கிறார். பாவம்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றே. "அன்றாட ஓட்டத்திற்கு மலையேறும் டயர் தேவையில்லை என்பதையும், அத்தானின் செவித்திறன் குறைவற்றது என்பதையும் இதன்வழி ஒப்புக்கொள்கிறேன்" என்று உன் கையால் எழுதி அவர் பெயருக்கு அனுப்பு. வாக்கியத்தை நானே அமைத்துவிட்டேன்; பிழையின்றிப் பார்த்து எழுதினால் போதும். அது வரும்வரை அவர் வரமாட்டார். அவரை விட்டு நான் மட்டும் வருவதும் முறையாகாது.

உன் மனைவிக்கு என் அன்பு. என் மருமகள் நீடூழி வாழ்க. நீயும் திருந்தி வாழ்க.

இப்படிக்கு,
உன் நலனையன்றி வேறொன்றும் நாடாத அக்காள்

பின்குறிப்பு: இது மறுநாள் காலை எழுதுவது. புது டயர்களைப் பார்த்து மனம் இளகிய உன் அத்தான் தாமே வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். தெருமுனை தாண்டவில்லை, அதே முணுமுணுப்பு. சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருக்கையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "ஏ, இது நம்ம நாலாம் பெட்டி" என்றார். ஓட்டுநர் அறையின் பின்சுவரில் ரப்பர் அடைப்பு விழுந்துபோன துளை வழியே அந்தத் தேனீக்கள் நுழைந்து, இருக்கைக்குப் பின்னாலுள்ள பொந்தில் ராணியோடு குடியேறி, அடையும் கட்டிவிட்டன. நாள் முழுதும் தோட்டத்தில் கேட்கும் ஓசையாதலால் எங்கள் இருவருக்குமே அடையாளம் தெரியவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துப் பல நாளாயிற்று. "என் காது சரியாத்தான் இருக்குன்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார். வழியில் மரக்கடைக்காரரையும் கண்டோம். உன் டயர்கள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றனவாம்.

ஆகவே நீ எதுவும் எழுத வேண்டாம். திருமணத்திற்கு முந்திய நாளே இருவரும் இதே வண்டியில் வருகிறோம். பொந்திலிருப்பவர்களைப் பெட்டிக்கு மாற்றி உன் தோட்டத்தில் இறக்கி வைப்பதாக உன் அத்தானின் ஏற்பாடு. உனக்கு அவர் தரும் பரிசாம். மரத்தடியில் இடம் ஒதுக்கி வை. மேலே எழுதியதைக் கிழித்துப் போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். வாக்கியங்கள் மிக நன்றாக அமைந்துவிட்டன.