பல் பிடுங்கும் குருவம்மாவும் பத்துப் பெயர் வாசலும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் ராசாக்களே, ராசாத்திகளே. பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள், இடமிருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டாயிற்றா? சரி. ஒரு நாடு தன் எல்லையை எப்படிப் பெருக்கியது என்று சொல்லப் போகிறேன். வாளால் பெருக்கவில்லை. அது மட்டும் இப்போதைக்குப் போதும்.

பத்துப்பெயர்ப் பட்டணம் என்று ஒரு ராஜ்யம். சுற்றிலும் மதில். ஒரே ஒரு வாசல். வாசலுக்கு மேலே ஒரு மாடம், அதில் சுட்டுநர் என்ற அரசாங்க ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கீழே நின்று தங்களுக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். மாட்டுக்கு லாடம் என்றோ, செருப்புத் தைக்க வேண்டும் என்றோ கேட்டால், சுட்டுநர் பத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். கேட்டவர் முதல் பெயரைத் தேடிப் போய்விடுவார். கொஞ்சம் சந்தேகப் பிராணி என்றால் மூன்றாவது வரை போவார். பத்தாவது பெயருக்குப் போனவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் காது மந்தம். முதல் ஒன்பதும் விழவில்லை. பதினோராவதாக ஒரு ஆள் இருப்பது பதினோராவது ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“நல்ல அரசர் யார்?” என்று கேட்டால் மட்டும் ஒரே பெயர் வரும். அந்த வரிசையில் இதுவரை திருத்தம் தேவைப்படவில்லை என்று அரசாங்கக் குறிப்பு சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் முறையாக நடந்தது. மக்கள் வாசலில் போய்க் கேட்டுவிட்டு வந்து வாக்களிப்பார்கள்.

பல்வலி என்று கேட்டால் முதலில் வரும் பெயர் குருவம்மா. “ஆ காட்டுங்க” என்பாள். திறந்த வாய் மூடுவதற்குள் பல் கிண்ணத்தில் கிடக்கும். பிடுங்கியாயிற்றா என்று நாக்கால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர் வாய்களையெல்லாம் அவள் எப்போதோ பார்த்து முடித்துவிட்டாள். வெளியூர் வாய் வந்தால்தான் அவள் அடுப்பில் உலை ஏறும்.

இப்படி இருக்கையில், சுட்டுவிரல் அமைச்சர் பொற்சுட்டியார் வரிசையைச் செம்மைப்படுத்த முடிவு செய்தார்.

“இருக்கிற வரிசைக்கு என்ன குறை?” என்று அரசர் கேட்டார்.

“குறை ஒன்றுமில்லை, அரசே. ஆனால் நாம் மாற்றாமலே இருந்தால், மாற்றக்கூடியவர்கள் நாம்தான் என்பது மக்களுக்கு மறந்துபோகும்.”

அரசருக்கு இது ஆழமான கருத்தாகப் பட்டது.

முதல் ஆணை வந்தது. எவர் பலகையில் தொழிலின் பெயர் அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ, அவரே அத்தொழிலில் சிறந்தவர். அன்றைக்கே குருவம்மாவின் கணவருடைய தம்பி கொண்டல்சாமி ஓடி வந்தான். பலகை எழுதுவது அவன் தொழில்.

“மதினி, ஒங்க பலகையில பல்லுன்னு ஒரே ஒரு தடவதான் இருக்கு. பல் வைத்தியன் தங்கப்பழம் பலகையில எழுபத்திரண்டு தடவ இருக்கு.”

“அத எழுதுனது யாரு?”

“நாந்தான்.”

“எழுதிட்டு என்கிட்டயே வந்து சொல்லுதியா?”

“தொழில் வேற, ஒறவு வேற மதினி. ஒங்களுக்கு நூறு தடவ எழுதுதேன்.”

எழுதினான். ஆட்டப்பல், சொத்தைப்பல், கடைவாய்ப்பல், பல்வலி, வலிக்கும் பல், வலிக்கப்போகும் பல். பலகை நிறைந்து, சுவர் நிறைந்து, கடைசியில் சன்னலையும் அடைத்து எழுதினான். கடைக்குள் வெளிச்சம் போயிற்று. அந்த இருட்டில் ஒருவருக்கு நல்ல பல் போய்விட்டது. குருவம்மா வாழ்க்கையில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்டாள். அந்த மனிதர் தங்கமானவர். “அதுவும் ஒருநா போவேண்டியதுதானம்மா” என்று கெட்ட பல்லுக்கும் வாயைக் காட்டினார்.

மறுநாள் அவளே ஏறிச் சன்னலைச் சுரண்டிவிட்டாள். மூன்றாம் இடத்துக்கு இறங்கினாள்.

பலகைகளைப் படித்துப் படித்துச் சுட்டுநருக்குத் தலை சுற்றியதால் இரண்டாம் ஆணை வந்தது. எவரை மற்றவர்கள் அதிகம் கைகாட்டுகிறார்களோ அவரே சிறந்தவர். உடனே பட்டணத்தில் கைகாட்டிகள் என்று ஒரு புதுக் கூட்டம் தோன்றியது. கை நீட்டி நிற்பதே வேலை. ஆளாளுக்கு நூறு, இருநூறு பேரை அமர்த்தினார்கள். தெருவில் நடக்க முடியவில்லை. குனிந்து போனவருக்குக் கண் தப்பியது, நிமிர்ந்து போனவருக்கு மூக்கில் இடித்தது. வெளியூர் வண்டிக்காரர் ஒருவர் தெருமுனையில் திரும்பினார். முந்நூறு விரல்கள் அவர் பக்கமாக நீண்டிருந்தன. மனிதர் வெலவெலத்து இறங்கி, செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டார். மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

குருவம்மாவைக் கைகாட்டக் கொண்டல்சாமி ஒருவன்தான் நின்றான். அதுவும் மதியம் வரைதான். ஒன்பதாம் இடம்.

மூன்றாம் ஆணையைப் பொற்சுட்டியாரே மேடையேறி அறிவித்தார். “நல்ல இடத்தில் மனிதன் நெடுநேரம் இருப்பான். மோசமான இடத்திலிருந்து விரைவில் வெளியேறுவான். எவர் கடையில் வந்தவர் அதிக நேரம் தங்குகிறாரோ, அவரே முதல்வர்.” ஒவ்வொரு கடைவாசலிலும் மணற்குடுவையோடு ஒரு கணிப்பாளரை உட்கார்த்தினார்கள்.

குருவம்மா கடைக்கு வந்த கணிப்பாளர் குடுவையைக் கவிழ்ப்பதற்குள் ஆள் வெளியே வந்துவிடுவார்.

“உன்னிடம் வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை?” என்று அவர் கண்டிப்பாகக் கேட்டார்.

“பல்லு வந்துருச்சுல்ல அய்யா.”

“வந்தால்?”

“வந்த பெறகு இருந்து என்ன செய்வாக? அதுக்குப் பேரு வைப்பாகளா?”

“பொருத்தமற்ற விடை” என்று எழுதிக்கொண்டார்.

தங்கப்பழம் கெட்டிக்காரன். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்கும் முன்னால் தன் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பிலிருந்து தொடங்கினான். குறட்டின் இரும்பு எந்த மலையில் கிடைத்தது, அந்த மலையில் எத்தனை குரங்கு என்றெல்லாம் சொன்னான். வீங்கிய கன்னத்தோடு மக்கள் குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அவனுக்கு உண்மை விளங்கியது: பல்லைப் பிடுங்கவே இல்லை என்றால் ஆள் போகவே மாட்டார். பாய் விரித்தான். கஞ்சி ஊற்றினான். வந்தவர்கள் மூன்று நாள், நாலு நாள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். பட்டணத்தின் முதல் பல் வைத்தியன் என்று அரசாங்கம் அவனுக்குச் சால்வை போர்த்தியது. அந்த ஆண்டில் அவன் ஒரு பல்கூடப் பிடுங்கவில்லை.

குருவம்மா நாற்பத்து மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டாள். இருபத்தொரு நாள் ஒருவரும் வரவில்லை. அரிசிப்பானையில் கை விட்டால் பானைதான் தட்டுப்பட்டது.

“மதினி, ஒரு யோசன சொல்லுதேன். பாதி பிடுங்கிட்டு நிறுத்துங்க. மீதிக்கு நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றான் கொண்டல்சாமி.

“நல்ல யோசனதான். ஒன் வாயக் காட்டு. ஒங்கிட்டயே தொடங்குதேன்.”

இரண்டு நாள் அவன் சைகையில்தான் பேசினான்.

மூன்றாம் நாள் காலையில் குருவம்மா குறடு, கிண்ணம், முக்காலி மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போனாள். அங்கே பெரிய வரிசை. தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு சம்சாரி கண்ணீரோடு நின்றிருந்தார்.

“ஆ காட்டுங்க.”

“நீங்க எத்தனாவது?”

“நாப்பத்து மூணு.”

“நாப்பத்து மூணா? அப்ப வேண்டாம் தாயி.”

“ஏன், ஒங்க பல்லுக்கு எண்ணத் தெரியுமோ?”

அவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் பல் கிண்ணத்தில் விழுந்தது.

அடுத்தவர் வாயைத் திறந்துகொண்டே வந்தார். மதியத்துக்குள் வரிசையில் பல்வலிக்காரர் ஒருவரும் மிச்சமில்லை. பல்வலி என்று இன்று எவரும் கேட்கவில்லை என்று சுட்டுநர் அறிக்கை அனுப்பினார். மறுநாளும் அதே அறிக்கை. நாட்டில் பல்வலி ஒழிந்தது என்று பொற்சுட்டியார் விழா எடுத்து, தெருத்தெருவாகக் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் வழங்கினார். விழா முடிந்ததும் உள்ளூர்க்காரர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குருவம்மாவிடம் போனார்கள்.

அப்போதுதான் மந்திரிசபைக்கு விஷயம் தெரிந்தது.

“அவளை உள்ளே இழுத்து வாருங்கள்” என்றார் அரசர்.

“வெளியே இருப்பவளைத் தொடச் சட்டத்தில் இடமில்லை, அரசே” என்றார் பொற்சுட்டியார். “ ஆனால் மதிலை நகர்த்தக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை.”

மதிலை நாற்பது அடி நகர்த்தினார்கள். வேலை முடிந்தபோது குருவம்மா உள்ளே இருந்தாள். வரிசையில் நாற்பத்து மூன்று. முக்காலியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய் உட்கார்ந்தாள். மதில் மறுபடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். சில மாதங்களில் கொத்தனார்கள் அவளிடமே வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

“அக்கா, அடுத்து எங்க உக்காரப் போறிய? அஸ்திவாரம் போட வானம் தோண்டணும்.”

“அந்தா, அந்தப் புளியமரத்துக்கிட்ட. நெழலா இருக்கும். ஒனக்கும்தான.”

இதற்குள் அரசருக்கு எல்லை பெருக்கிய பெருமான் என்று பட்டம் கொடுத்தாயிற்று. நாடு பெருத்ததால் மதிலுக்குக் கல் போதவில்லை. வீட்டுச் சுவர்களை எடுத்தார்கள். துவைக்கிற கல்லை எடுத்தார்கள். அம்மி, ஆட்டுக்கல் போயிற்று. மக்கள் சுவரில்லாத வீட்டில் அரைக்காத குழம்பைச் சாப்பிட்டபடி, நாடு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கல் தீர்ந்ததும் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். சுண்ணாம்பும் தீர்ந்ததும் கடைசி ஆணை வந்தது: குருவம்மா எங்கே உட்கார்ந்தாலும் அது நம் நாடே.

அதோடு வெளியே என்ற இடமே இல்லாமல் போயிற்று. அவள் எங்கே போனாலும் நாற்பத்து மூன்று. அறிவிப்பை வாசித்த சேவகன் அவள் முகத்தைப் பார்த்தான். அழுவாள் என்று நினைத்தான்போல.

“இனிமே நடக்க வேண்டாம்னு சொல்லுதிய. கால் வலி மிச்சம்” என்று அவள் முக்காலியை நன்றாக அழுத்திப் போட்டுக்கொண்டாள்.

வாசல் மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. மதில் கல்லெல்லாம் எல்லையோடு நகர்ந்து போனதால் இரண்டு பக்கமும் மதில் இல்லை, காற்றுதான். இருந்தாலும் வந்தவர்கள் அதன் முன்னால்தான் வரிசையில் நின்றார்கள். கன்னம் வீங்கிய ஒரு பெண் அண்ணாந்து பல்வலி என்றாள். சுட்டுநர் தங்கப்பழம் தொடங்கிப் பத்துப் பெயரையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் மட்டும் ஓரமாகப் போய், முக்காலி இருந்த திசையில் நின்றது. கண்ணுக்கு ஆணை எதுவும் வந்திருக்கவில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் அவள் பார்த்ததைப் பார்த்தார். ஒவ்வொருவராக வாசலைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். குருவம்மா குறட்டைத் துடைத்துவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டாள்.

அந்த நாட்டுக்கு இன்றுவரை வெளி என்று ஓர் இடம் அறிவிக்கப்படவில்லை. அப்படியென்றால் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. அதை வீட்டுக்குப் போகிற வழியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் சுவர் நிற்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும், உலை கொதிக்கட்டும். உங்களுக்கு வேண்டியவர் எத்தனையாவது பெயரானாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் பொக்கைவாய் நிறையச் சிரிக்க, பிள்ளைகள் சீடையைக் கடகடவென்று கடிக்க, உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.