முலூகியாவுக்கு வந்த முயல்

அலெக்சாந்திரியா,
செவ்வாய்க்கிழமை

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய கவ்கப் அக்காவுக்கு,

உங்கள் தம்பி ஷவ்கி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் புண்ணியத்தில் நானும் இன்ஷிராஹும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மச்சான் சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா என்று தினமும் விசாரித்துக்கொண்டே இருக்கிறோம், அதாவது எங்களுக்குள்ளேயே. மூன்று வாரத்துக்கு முன் தமன்ஹூரிலிருந்து வேனில் நீங்கள் அனுப்பிய முயல் பத்திரமாக வந்து சேர்ந்தது. "இப்ப எலும்பும் தோலுமா இருக்குடா, நல்லா தீனி போட்டுத் தேத்தி வை, மூணு வாரம் கழிச்சு நான் வர்ற வெள்ளிக்கிழமை முலூகியாக் கீரையோட சமைச்சிடலாம்" என்று நீங்கள் போனில் சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருப்பதால் நடந்ததை நேரிலே சொல்லித் திட்டு வாங்குவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பேனாவை எடுத்தேன்.

அக்கா, என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். எத்தனை பேர் அழுதிருப்பார்கள், எத்தனை பேர் பாட்டி செத்துப்போனாள் என்று சத்தியம் செய்திருப்பார்கள், ஒருவரையும் டிக்கெட் இல்லாமல் விட்டதில்லை. ஆனால் இன்ஷிராஹ் அப்படியில்லை. இளகிய மனது. முதல் நாளே முயலுக்கு 'பாஷா' என்று பெயர் வைத்துவிட்டாள். "பேரு வெச்சதை எப்படி வெட்டறது?" என்று நான் கண்டித்தேன். கேட்டால்தானே! சரி, நீங்கள் சொன்னபடி தேற்றுவோம் என்று நான் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி, காய்கறி வண்டிக்காரனிடம் கூடை நிறையக் கேரட் வாங்கினேன். முயலென்றால் கேரட் என்பது ஊரறிந்த விஷயம். பாஷா கல்யாண வீட்டுக்கு வந்த மாமனார் மாதிரி உட்கார்ந்து அத்தனையும் தின்றது. மேல்மாடி ரவ்ஹிய்யா அம்மா தன் பங்குக்கு முட்டைக்கோஸ் இலையும் காய்ந்த ரொட்டியும் கொடுத்தனுப்பினார். காலையில் தஅமியா வடைக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தாளையும் ஒரு கை பார்த்தது. நான்கு மணி டீக்கு இன்ஷிராஹ் பிஸ்கட்டை நனைத்து நீட்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் நான்கு மணி ஆனதும் பாஷா பின்னங்காலில் எழுந்து நின்று மீசையை ஆட்ட ஆரம்பித்தது. சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் நின்றுபோனது. பாஷா மூலையில் சுருண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறது. வயிறு மத்தளம் மாதிரி இருக்கிறது. கேரட்டை மூக்கருகே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முக்கியமாக, அக்கா, புழுக்கை இல்லை. முந்தைய நாள் வரை வீடெல்லாம் மிளகு கொட்டினாற்போலக் கிடக்கும், அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ரவ்ஹிய்யா அம்மா இறங்கி வந்து பார்த்துவிட்டு, "ஷவ்கி, எதுக்கு யோசிக்கறே? தானா சாகறதுக்குள்ள பிஸ்மி சொல்லிக் கத்திய வெச்சுடு. ஒரு சட்டிக்குக் காணும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் இன்ஷிராஹ் அழுத அழுகையில் எனக்கே கை ஓடவில்லை. அதோடு அது நீங்கள் ஆசையாக அனுப்பிய பொருள். அந்த மரியாதைக்காக மட்டுமே அதை என் குளிர்கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு டிராம் ஏறினேன்.

புதுப் பரிசோதகன் ஒருவன் வந்தான். "பேரப்பிள்ளையா பெரியவரே? மூச்சு முட்டப்போகுது, முகத்தைத் திறந்து விடுங்க" என்று அவனே கோட்டை விலக்கினான். இரண்டு காதும் வெளியே வந்து நின்றன. அவன் இரண்டடி தள்ளி நின்றான். எங்கள் காலத்தில் என்றால் மிருகத்துக்குத் தனி டிக்கெட் கேட்டிருப்போம். அவன் எங்களிடம்கூடக் கேட்கவில்லை.

மிருக வைத்தியர் மர்வத் சின்னப் பெண், ஆனால் பேச்சு பெரிய பேச்சு. "என்ன தீனி குடுத்தீங்க?" என்றார். ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பிஸ்கட் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது முயலா, குப்பைத்தொட்டியா?"

"டாக்டர், கேரட் நல்லதுதானே?"

"கேரட் அதுக்கு மிட்டாய் மாதிரி. விரல் நுனி அளவு, வாரத்துக்கு ரெண்டு தடவை. அவ்வளவுதான். நீங்க மிட்டாய்க் கடையையே கொட்டியிருக்கீங்க."

"அப்ப என்னதான் குடுக்கறது?"

"காய்ஞ்ச புல்லு."

"அதுக்கு மேல?"

"இன்னும் காய்ஞ்ச புல்லு. நாள் பூரா அது மென்னுக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் குடல் ஓடும், பல்லும் தேயும். கொஞ்சம் கொத்தமல்லி, புதினா, ஜர்ஜீர் கீரை போடுங்க. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, ரொட்டி, சாக்லேட் கிட்டயே போகக் கூடாது. கோஸ் வாயு. ஆப்பிள் ஒரு துண்டு தரலாம், விதை கூடாது."

"பேரீச்சம்பழம்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அதையும் குடுத்தீங்களா!"

பிறகு ஊசி போட்டார், வயிற்றைத் தடவிவிடச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில், "இது வளர்க்கிறதா, சமையலுக்கா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்ஷிராஹ், "எங்க வீட்டுப் பிள்ளை டாக்டர்" என்றுவிட்டாள். என்ன செய்ய?

காய்ந்த புல்லுக்கு நகரத்தில் எங்கே போவது? கடற்கரைச் சாலையில் குதிரை வண்டி ஓட்டுகிற ஃபர்கலியிடம் போய் நின்றேன். இன்னும் வளருகிற வயது என்பதால் குதிரைக்குப் போடுகிற காய்ந்த பர்சீம் தழை இப்போதைக்கு ஆகும், பெரிதான பிறகு சாதாரணப் புல்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வீட்ல குதிரை வாங்கியாச்சா, உஸ்தாத்?" என்றான்.

"முயலுக்குப்பா."

"முயலுக்குப் புல்லா? எங்க வீட்ல முயலுக்கு நாலு பல் பூண்டுதான் வைப்போம்!"

"ஐயையோ, பூண்டு அதுக்கு ஆகவே ஆகாது" என்று நான் பதறிச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் குதிரையே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் ஒரு கட்டு நல்ல புல்லாகப் பார்த்துக் கொடுத்தான்.

அன்று முழுவதும் துளித்துளியாக மருந்து, வயிற்றுக்குத் தடவல். திங்கட்கிழமை மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், பாஷா மெல்ல எழுந்தது. ஒரு புல்லை இழுத்தது, மென்றது. கொஞ்ச நேரத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து... கறுப்பு முத்து மாதிரி புழுக்கை, அக்கா! இன்ஷிராஹ் பால்கனியில் நின்று நீளமாக ஒரு குலவை போட்டாள். தெருவே நிமிர்ந்து பார்த்தது. எதிர்வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது. பத்து நிமிடத்தில் ரவ்ஹிய்யா அம்மா ரோஜா சர்பத் ஜாடியோடு வந்து, "ஆயிரம் வாழ்த்து! நம்ம ஸீனாத்துக்கு எந்த ஊர் மாப்பிள்ளை?" என்றார். எங்கள் கடைக்குட்டிக்கு வரன் பார்ப்பது கட்டடத்துக்கே தெரியும் அல்லவா? நான் தரையைக் காட்டினேன். அவர் புழுக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சர்பத்தைத் தானே ஊற்றிக் குடித்தார். மாடிக்குப் போனவர், கூடையைக் கயிற்றில் எங்கள் பால்கனிக்கு இறக்கினார். உள்ளே கழுவி ஈரம் போக உதறிய கொத்தமல்லி ஒரு கட்டு. கத்தியை வை என்று சொன்ன அதே அம்மா!

ஆகவே அக்கா, வெள்ளிக்கிழமை விஷயம். பாஷாவுக்கு ஊசி போட்டிருப்பதால் அதன் கறியை ஒரு வருடத்துக்குத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கை எப்போதும் தயார்தான், ஆனால் இன்ஷிராஹ் மனம் தாங்காது. அவளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்கு வலுவும், மச்சானுக்கு நாக்கை அடக்கும் சக்தியும் இறைவன் தரட்டும்.

உங்கள் பேச்சை என்றும் தட்டாத தம்பி,
ஷவ்கி

பின்குறிப்பு: கவ்கப் அக்கா, நான் இன்ஷிராஹ். தபால்ல போடச் சொல்லிக் கடிதத்தை என் கையிலயே குடுத்துட்டுப் போயிருக்கார் உங்க தம்பி. அது சுருண்டு படுத்த அன்னிக்கே கத்தி தீட்டி, கீரை நறுக்கி, பூண்டு இடிச்சுத் தயாரா நின்னது நான். முயலைத் தூக்கிக்கிட்டுக் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டவர் அவர். பேர் வெச்சதும், பிஸ்கட் நனைச்சதும், அழுததும் அவரே. டாக்டர் வீட்டு வாசலை நான் மிதிச்சதே இல்லை. ஒரு வருஷக் கணக்கும் அவர் சொந்தச் சரக்கு. அந்தக் குலவை இருக்கே, அறுபத்துநாலு வயசு ஆம்பளை பால்கனில நின்னு போட்டது, நான் வெட்கத்துல கட்டிலுக்கடியில போகாத குறை. நீங்க கட்டாயம் வாங்க, முலூகியா நிச்சயம் உண்டு. வரும்போது ஒரு வாத்து கொண்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உயிரோட மட்டும் கொண்டு வராதீங்க.