அம்மனைத் திருப்பிய ஆமி அண்ணன்

ஆமி அண்ணனைப் போல ஒரு லொறியை நேசித்த மனிதன் உலகத்தில் வேறு எவனும் இல்லை. இருந்திருந்தால் அவனையும் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

அவர் ஒருநாளும் ஆமிப் பட்டாளத்தில் இருந்ததில்லை. துப்பாக்கி என்ன, காலில் ஏறும் அட்டைக்கே பயப்படுவார். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லொறி ஒன்று தொழிற்சாலைக்குப் பின்னால் கோழிகளுக்கு வீடாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கித் தன் வாசலில் நிறுத்தினார். பெயரும் கூடவே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போயிருந்தது. உடப்புசல்லாவைக் காய்கறிச் சந்தையில் கோவா மூட்டை தூக்கி, தலவாக்கலையில் கொத்துரொட்டி போட்டு, வேலையில்லாத ஒரு மழைக்காலத்தில் அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். சோறு போட்டார். படுக்க லொறியின் பெட்டியைக் கொடுத்தார். கோழிகள் கொஞ்சம் தள்ளிப் படுத்தன.

அவர் மனைவி பாக்கியம் அக்கா பொறுமைசாலி. சோற்றுப் பானையில் நட்டும் போல்ட்டும் ஊறியபோது, பேசாமல் வேறு பானையில் உலை வைத்தவள். தீபாவளிச் சேலையால் அவர் பிஸ்டன் துடைத்த அன்றுதான் பெட்டியைக் கட்டினாள்.

“என்னைக்கு இது ஓடுதோ, அன்னைக்கு இதுலயே வந்து கூப்பிடுங்க. நடந்து வந்தீங்கன்னா கதவத் தொறக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு, தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த அம்மா வீட்டுக்கு ஏறிப் போய்விட்டாள்.

பழைய பெற்றோல் எஞ்சின் செத்தே போயிருந்தது. அதை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டுவதென்று முடிவானது. பழைய இரும்பு வாங்கி விற்கும் முஸ்லிம் நானா, நீர்கொழும்பில் மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். அளவு பொருந்தவில்லை. சேஸியை வெட்டி, தண்டவாளத் துண்டில் தாங்கி செய்து (தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை), ரேடியேட்டரை முன்னால் தள்ளி, ஒருவழியாக உட்காரவைத்தோம்.

முதல் ஓட்டம் பார்க்க, வரிசை வீடுகளைக் காலிசெய்துகொண்டு லயமே திரண்டது. அண்ணன் முதல் கியரைப் போட்டார். லொறி கம்பீரமாகப் பின்னால் போய்ப் பொதுக் கக்கூஸை இடித்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. இரண்டாவது கியரில் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது.

நானா தாடியைத் தடவினார். “அந்த மீன் போட்டுக்கு ரெண்டு எஞ்சின் தம்பி. ஒண்டு இந்தப் பக்கம் சுத்தும், மத்தது அந்தப் பக்கம் சுத்தும். நீங்க டீசல் கேட்டீங்க. எந்தப் பக்கம்னு கேக்கல்லியே.”

அண்ணன் அசரவில்லை. “நாலு ரிவர்ஸ் கியர் உள்ள லொறி இந்த இலங்கையில வேற எவன்கிட்ட இருக்கு?” என்றார்.

அடுத்த நாளே பஸார் வரைக்கும் பின்னோக்கியே ஓட்டிப் போனார். யுத்த காலம். சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய், பச்சை லொறியின் முதுகு தன்னை நோக்கி வருவதைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கினான். எங்கிருந்து வருகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். அண்ணன் லொறியின் முகத்தைக் காட்டி, நான் வரவில்லை மாத்தயா, போகிறேன் என்றார். அவன் லொறியைச் சுற்றி வந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாளைக்கே வேறு நிறம் அடி என்று விரட்டிவிட்டான்.

கையில் கிடைத்தது கோயில் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட். அதை அடித்ததும் லொறிக்கு ஒரு தெய்வக்களை வந்துவிட்டது. தோட்டத் தலைவர் பார்த்தார். இந்த வருஷம் மாரியம்மன் ஊர்வலம் இதில்தான் என்று சொல்லிவிட்டார். அதுவரை அம்மன் டிராக்டரில் கீழ் லயங்களை மட்டும் சுற்றுவாள். மேல் டிவிசன் ஏற்றம் டிராக்டருக்கு ஆகாது. அம்மனை மேலே கொண்டுபோவது என் பொறுப்பு என்று அண்ணன் நெஞ்சைத் தட்டினார். அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

திருவிழா அன்று ஏற்றத்தின் பாதியில், முன்னால் போகிற அந்த ஒரே கியரும் கழன்றுவிட்டது. மறுபடி மறுபடி போட்டும் நிற்கவில்லை. நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தவில் நின்றுபோனது. மேலே லயத்து வாசல்களில் விளக்கேற்றி வைத்துவிட்டு ஜனம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் இறங்கி ஏற்றத்தைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார்.

லொறியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றலாம் என்றார். தலைவர் கையை விரித்தார்.

“அம்மன் பின்னாடி நடக்குறதா? தோட்டம் வெளங்குமாய்யா?”

அண்ணன் பெட்டியில் ஏறி அம்மன் முன்னால் நின்றார்.

“அப்ப அம்மாவையும் திருப்பி வைங்க. பின்னாடி போறது லொறிதான் தலைவரே. அம்மா நேராத்தான் போவா.”

தலைவர் அம்மனை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார். நாங்கள் லொறியைத் தள்ளித் திருப்பினோம், அம்மனையும் திருப்பினோம். அண்ணன் முதல் கியரைப் போட்டார். படகு எஞ்சின் கடலை நினைத்துக்கொண்டு உறுமியது. ஏறியது.

பாக்கியம் அக்கா கற்பூரத் தட்டோடு நின்றாள். அம்மன் வந்தாள், நாங்கள் வந்தோம், எல்லோருக்கும் கடைசியாக அண்ணன் வந்தார்.

“ஓடுது” என்றார்.

“பாத்தேன். மூஞ்சிய அங்கிட்டு வச்சிக்கிட்டு ஓடுது” என்றாள். உள்ளே போய்ப் பெட்டியோடு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கிலேயே மெல்ல இறங்கினோம். அம்மன் மேல் டிவிசன்காரர்களைப் பார்த்தபடியே இறங்கினாள். தலைவர் திருப்பச் சொல்லவில்லை. முன்சீட்டில் அக்கா முந்தானையால் அண்ணன் கன்னத்து எண்ணெயைத் துடைத்ததை, பெட்டியில் நின்ற நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்ல சேலைதான் கட்டியிருந்தாள்.