தண்ணீர் ஓடும் வீடு

ஐந்து தங்கமீன்களும் தொட்டிக்குள்தான் இருக்கின்றனவா என்று பார்க்க, லிங்கம் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். இன்று புதன்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி மெக்கானிக்கான லிங்கத்துக்கு முப்பத்திரண்டு வயது. கையில் தொழில் இருந்தது, சொந்த வீடு இருந்தது, தலையில் முடிகூட இன்னும் கொஞ்சம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. "தண்ணிக்கு அலையுற ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்" என்று மூன்று வீட்டார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாலாவதாக வருகிறவர்கள் அம்பாசமுத்திரம், ஆற்றங்கரைக்காரர்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தரகர் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். அதனால்தான், வந்து உட்காருகிறவர்களின் கண்ணில் முதலில் தண்ணீர் படட்டும் என்று, மதுரையிலிருந்து அந்தத் தொட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான்.

"தண்ணிய மாத்தி விடேன்" என்றாள் அம்மா சௌடேஸ்வரி.

"குழாயில எப்பம்மா வரும்?"

"நேத்து வந்துச்சு. இனி அடுத்த செவ்வாய்தான்."

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் அட்டெண்டராக இருந்த பாலையாவை லிங்கம் கூட்டிவந்தான். பாலையா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"இருக்கிற தண்ணியவே சுத்தம் பண்ணித் திருப்பி விடணும்லே. மேல வழியுறது கீழ வடியணும். கீழ வடிஞ்சது மேல ஏறணும்."

"ஏறுறதுக்கு மோட்டாரு?"

"அத அப்புறம் பாப்பம்."

தொட்டியைக் கூடத்து ஜன்னலை ஒட்டி மேசைமேல் வைத்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உள்ளறை. அங்கே ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி, தறிக் கழிவுப்பஞ்சு எல்லாவற்றையும் அடுக்கித் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் பளிங்காகத்தான் வந்தது. ஆனால் அதன்மேல் வானவில் நிறங்கள் மிதந்தன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"டின்ன நல்லாக் கழுவுனியா?" என்று கேட்டான் பாலையா.

"கழுவுறதுக்கு ஏதுலே தண்ணி?"

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிக்க வைத்திருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்கள். டின் போய், வீட்டின் குடிதண்ணீர் அண்டா வந்தது. ஓட்டை போட்ட மண்பானையில் புதிதாக மணலும் கரியும் அடுக்கி, அதை அண்டாவின் வாயில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்து ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டியின் அடியில் போட்டு, மறுநுனியை லிங்கம் வாயால் உறிஞ்சினான். ஒரு மடக்கு மீன்தண்ணீர் உள்ளே போனது. மிச்சம் ஜன்னலைத் தாண்டி ஒழுங்காகப் பானையில் விழுந்தது. சந்தோஷத்தில் இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது தொட்டியில் விரற்கடைத் தண்ணீர்தான் இருந்தது. மீன்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. அண்டா வழிந்து உள்ளறை முழுக்க ஈரம். அம்மா அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நுனி அடியில கெடந்தா அடிவரைக்கும் இழுக்கத்தானலே செய்யும்" என்றான் பாலையா, யாரோ செய்த தப்பை விளக்குகிறவன் போல.

நுனியை மேல்விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நூலால் கட்டினார்கள். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் தொட்டிக்குப் போயிற்று. ஞாயிறு வரை அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. தண்ணீர்ச் செழிப்பைக் காட்டத்தான் இத்தனையும்.

"சரிலே, மோட்டாரு?"

பாலையா ஒரு செம்பை எடுத்துக் காட்டினான். "நான்தான்."

உள்ளறையில் பரண்மேல் ஒரு குடம். பாலையா அண்டாவிலிருந்து மொண்டு குடத்தில் ஊற்ற, குடத்திலிருந்து ஒரு குழாய் வழியாகத் தொட்டியில் தண்ணீர் விழும். வழிந்தது மறுபடி அண்டாவுக்குப் போகும். "என்ன ஆனாலும் நிறுத்திராத" என்று சொல்லி, லிங்கம் ஜன்னலுக்குத் திரை போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வீரபத்திரனும் அவர் தம்பி அருஞ்சுனையும் வந்து உட்கார்ந்தார்கள். குளிக்காத உடம்பில் பவுடரைக் கொட்டிக்கொண்டு லிங்கம் எதிரே நின்றான். வீரபத்திரன் தொட்டியைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

"ஊருல கெணறு, கொளமெல்லாம் எப்படி?"

"கெணத்துல குனிஞ்சு கையால மோந்துக்கலாங்க."

அவர் முகம் சுருங்கியது. நம்பவில்லை போல என்று லிங்கம் நினைத்தான்.

"இது மோட்டாரா?"

"ஆமாங்க. மெட்ராஸ்ல செஞ்சது."

திரைக்குப் பின்னால் மோட்டார் இரண்டு முறை இருமியது.

அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. மின்விசிறி நின்றது. தொட்டியில் தண்ணீர் மட்டும் சலசலவென்று விழுந்துகொண்டேயிருந்தது.

"கரண்டு போயும் நிக்கலியே" என்றார் வீரபத்திரன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல தண்ணி நிக்கவே நிக்காதுங்க."

லட்சணமாக இருக்கட்டும் என்று அம்மா காலையில் தொட்டியில் ஒரு கை மல்லிகைப்பூவை உதிர்த்துப் போட்டிருந்தாள். அதில் பாதி இப்போது வழிகுழாயின் வாயை அடைத்துக்கொண்டது. வடிவது நின்றது. ஊற்றுவது நிற்கவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி, மேசையில் இறங்கி, தரையில் ஓடி, நேரே வீரபத்திரனின் பாதத்தைத் தொட்டது. அவர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.

லிங்கம் சிரித்துச் சமாளித்தான். "கோடைங்கிறதால இவ்வளவோட நிக்குது. மழைக்காலத்துல இன்னும் கூட வரும்."

வீரபத்திரன் காப்பிகூடக் குடிக்கவில்லை. தம்பியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

லிங்கம் ஈரத்திலேயே உட்கார்ந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலாவதும் போயிற்று. இனி ஐந்தாவது என்று ஒன்று இல்லை. திரையை விலக்கிப் பாலையா எட்டிப்பார்த்தான்.

"நிப்பாட்டவாலே?"

லிங்கம் பதில் சொல்வதற்குள், மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க அருஞ்சுனை திரும்பி வந்தார். மூலையில் கிடந்த குடையை எடுத்து உதறிக்கொண்டே லிங்கத்தைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க மேல குத்தம் ஒண்ணுமில்ல தம்பி. எங்க பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்னு சோசியர் சொல்லிட்டாரு. ஆத்தங்கரை மாப்பிள்ளை ஆறு பேரத் தட்டிக்கழிச்சிட்டு, சொட்டுத் தண்ணி கெடைக்காத ஊராப் பாத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."