கூண்டில் இரண்டு நிமிடம்

எதிரணிக்காரன் காலில் மட்டையைக் கொடுத்து இழுத்தார் ஏசி மெக்கானிக். தவறிப் பட்டதோ என்று நடுவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நின்று நிதானமாக இழுத்தார். விசில் ஒலித்தது. முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, மனசுக்குள் சீட்டியடித்தபடி, தப்பாட்டம் ஆடியவனை இரண்டு நிமிடம் உட்காரவைக்கும் தண்டனைக் கூண்டை நோக்கிச் சறுக்கினார்.

பனிக்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மட்டுமே பார்த்த நாட்டின் தேசிய ஐஸ் ஹாக்கி அணி அது. குளிருக்குப் பயப்படாதவன் எவன் என்று தேடித்தான் ஆள் பிடித்தார்கள். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுபவர் கேப்டன். மீன் கிடங்கில் ஐஸ் உடைப்பவர் கோல் காக்கும் கோலி. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த அணிக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

மெக்கானிக் சேர்ந்தது நாட்டுக்காக இல்லை. மாமியாரை நிரந்தரமாக அழைத்துவந்து பின்னறையில் வைத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அறையில்தான் பிரித்துப்போட்ட ஏசிகளுக்கு நடுவே அவர் மதியத் தூக்கம் போடுவார். "பிராக்டிஸ் முடியட்டும்" என்று நழுவிக்கொண்டே இருந்தார். நழுவுவதற்கு ஐஸைவிடத் தோதான இடம் ஏது? அதிலும் கூண்டு சொர்க்கம். சுற்றிக் கண்ணாடி. தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குக் காது மந்தம். உட்கார்ந்திருக்கும் வரை ஒரு கேள்வி வராது.

கூண்டுக்குள் காலை வைத்தார். ஸ்டாப்வாட்சும் கையுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"பெரியவருக்குச் சளி. ஆள் கிடைக்காம கோச் தவிச்சாரு. நான் வரேன்னேன். உக்காருங்க."

அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. அவள் "உக்காருங்க" என்றால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே உட்காரும். இவரும் உட்கார்ந்தார்.

"அம்மா விஷயம் என்ன முடிவு பண்ணீங்க?"

"மேட்ச் நடக்குதும்மா."

"அது அங்க நடக்குது. நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. ரெண்டு நிமிஷம் இருக்கு."

அவருக்கு விதி ஞாபகம் வந்தது. கூண்டில் ஒருவன் இருக்கையில் அவன் அணி கோல் வாங்கினால், அவனை அப்போதே விட்டுவிடுவார்கள். இவர்களுடைய கோலிதான் வாரி வழங்கும் வள்ளலாயிற்றே. தன் நாட்டுக்கு எதிராக ஒரு கோல் விழவேண்டும் என்று கைகூப்பிய முதல் தேசிய வீரர் இவராகத்தான் இருக்கும்.

அன்றைக்கென்று பார்த்து ஐஸ் உடைப்பவருக்கு ரோஷம் வந்தது. பந்தாகப் பறந்து வந்த ரப்பர் வில்லையை முழங்காலால் தடுத்தார். அடுத்ததை வயிற்றால். குப்புற விழுந்து கிடந்தபோதும் ஒன்று அவர் முதுகில் பட்டு வெளியே போனது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"விட்டுத் தொலையேன்யா," என்று முனகினார் மெக்கானிக்.

"என்ன சொன்னீங்க?"

"நல்லாத் தடுக்கறான்னேன்."

"அம்மா வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பின்னறை வெக்கையா இருக்கும். வயசானவங்க, பாவம்."

"ஏசி மெக்கானிக் வீட்டுலயா?"

அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். ஸ்டாப்வாட்ச் கூவியது. துள்ளி எழுந்தார். அவள் கை தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை.

"நேரம் ஆச்சு, திற."

"நேரம் ஆச்சு. பதில் ஆகலையே."

கேப்டன் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணி, அவரை விடுங்க. ஆள் குறையுது."

"இதோ தம்பி, ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. வாங்கிட்டு அனுப்பிடறேன்."

"நாட்டு மானம் போகுதுடி."

"அது எப்பவோ போயாச்சு. வீட்டைப் பாருங்க."

கோலியைப் பார்த்தார். இன்னொன்றையும் தடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார் அந்த மனிதர். இனி அவரை நம்பிப் பயனில்லை.

"சரி. வரச் சொல்லு."

"நேர் மேல உக்காந்திருக்காங்க. பெட்டி கோச் ரூம்ல இருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். ஜனங்களுக்கு நடுவே மாமியார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் பல் கிட்டக் கிட்டக் கோலிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் திறந்தது. மெக்கானிக் கழுத்து மஃப்ளரை அவிழ்த்து, மேலே கண்ணைக் காட்டி, மனைவி பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஐஸில் இறங்கினார்.