கிணற்றடியில் ஒரு காபி எஸ்டேட்

எல்லா விதிமுறைகளையும் கரைத்துக் குடித்தவனிடம் ஒரு குறை உண்டு. அவற்றை ஊருக்கெல்லாம் சொல்வான், சமையலறையில் இருப்பவரிடம் சொல்ல மறந்துவிடுவான். விழுப்புரத்தில் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்ற நானே இதற்குச் சாட்சி.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமானது. மனைவி சரசு ஏற்காட்டுக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே சின்னக் காபித் தோட்டம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கோடையிலேயே, "அங்க ஒரு மழை பேஞ்சிருக்கும். காபி பூத்திருக்கும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

மாமனாரோ மலையை விட்டு இறங்காதவர். "அந்த அடுப்புக்குள்ள நான் வரமாட்டேன் மாப்ளே. அங்க ஒரு காபிச்செடி காய்க்கட்டும், வர்றேன். அந்தக் காபியைக் குடிச்சிட்டுத்தான் திரும்புவேன்" என்றார். அவர் கேலியாகச் சொன்னார். நான் அரசாணையாக எடுத்துக்கொண்டேன்.

நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. குவாத்தமாலா மலையில், மேகத்துக்குள் ஒரு குடும்பத் தோட்டம். குடும்பமே கூடையோடு நிற்கிறது. பழுத்ததை மட்டும் பறி, தோலை நீக்கு, கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போடு, வழவழப்பு விட்டதும் கழுவிக் காயவை. மனப்பாடம் செய்தேன். அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஐயாயிரம் அடி உயரம்தான். (அதையும் சரிசெய்யப் பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த காபிக் கன்றுகளைத் தொட்டியோடு மொட்டைமாடிக்கு ஏற்றினேன். மே மாதத்துக்குள் விறகாகிவிட்டன.)

தப்பியது, கிணற்றடிப் பலாமர நிழலில் நான் மறந்துபோயிருந்த ஒரே செடி. சரசு அதற்குக் குடம் குடமாய் ஊற்றினாள். நாலாம் வருஷம் பூத்தது. அன்றைக்கு அவள் சமைக்கவே இல்லை. செடிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மார்கழியில் இரண்டு கைப்பிடி பழம் பறித்தோம். ஏற்காட்டுக்குச் சேதி போனது. மாமனார் கிளம்பிவிட்டார்.

ஊற, காய, வறுக்க, பொடிக்க எப்படியும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை அப்பா மகள் வீட்டில் இருந்தாக வேண்டும். சரசுவுக்கு வேண்டியது அதுதான். காபி ஒரு சாக்கு. காபி இல்லையென்றால் அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

கொட்டைகளை முந்தின நாளே ஊறப்போட்டுவிட்டு, காலையில் அவரை அழைத்துவர இருவரும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சமையலுக்கு என் அக்கா பக்கத்திலுள்ள வல்லத்திலிருந்து வந்திருந்தாள். நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் ஊர். மல்லாட்டைக் கொல்லையில் பிறந்து, மல்லாட்டைக் கொல்லையில் வாழ்க்கைப்பட்டவள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்ததும், ஆவி பறக்கும் தட்டு ஒன்றை மாமனார் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்க மாமா. மல்லாட்டை மாதிரி உப்பு போட்டு அவிச்சிக்கிறேன். என்னா கொட்டையோ, எவ்ளோ நேரம் அவிச்சாலும் வேவல."

நான் துள்ளி எழுந்தேன். "அக்கா! அது ஊறப்போட்டது!"

"ஊறப்போட்டா அவிக்காம பின்ன என்னாடா பண்ணுவாங்க? கொழகொழன்னு நாறிக்கினு கெடந்துது. நல்லவேளை நான் பாத்தேன்."

நான் கொட்டையை ஏன் நொதிக்கவிட வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். குவாத்தமாலா வரைக்கும் போய்விட்டேன்.

"பேஜாரு பண்ணாதடா. டீயாவது போட்டுக் கொண்டாரேன்" என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

சரசு அப்பாவின் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

மாமனார் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார். பல் படும் பாடு எனக்கே கேட்டது. "உப்பு சரியா இருக்கு" என்றார். எழுந்து, பையோடு கிணற்றடிக்குப் போனார். பின்னாலேயே போனோம். செடியை ஒரு சுற்று வந்தார். அடிக்கிளையில் நாலைந்து பச்சைக் காய்கள்.

"இதுங்க பழுக்கட்டும். பாத்துட்டே போறேன்" என்று பையைப் பலாமரத்தடியில் வைத்தார்.

அவை பழுக்க இரண்டு மாதமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆயுள் முழுக்கக் காபி வளர்த்தவருக்குத் தெரியாதா? வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒரு விதிமுறையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மாசி வரைக்கும் இருந்தார். காய்களைத் தை பிறந்ததுமே அணில் தின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை.

சரசு இருந்தவரைக்கும், காபி டம்ளரை நீட்டும்போதெல்லாம், "உப்பு சரியா இருக்கா பாருங்க" என்பாள். இப்போது மருமகள் கேட்கிறாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: "கொஞ்சம் கம்மிதாம்மா."