எங்கள் தக்காளி திரையில் சிவந்த வைபவம்

ஹோவ், இங்கிலாந்து,
ஆகஸ்டு, 1907.

அருமைத் தம்பி ஜேபஸுக்கு அண்ணன் ஆல்பர்ட் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே யாவரும் நலம். உன் மூட்டுவலியும், உன் தோல் கிடங்கின் நாற்றமும் சற்றுக் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"வண்ணப்படம் ஓடலைன்னா உன் பையனை என் கிடங்குக்கு அனுப்புண்ணே, தோல் சுரண்டட்டும்" என்று ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, நானும் ரோஷத்தில் சரி என்றேனே, அந்தச் சோதனை நேற்று முடிந்தது. என் மகன் சிரில் ஜெயித்துவிட்டான்! உனக்குப் புரியாது, ஆனாலும் சொல்கிறேன். படச்சுருள் கறுப்பு வெள்ளைதான். எடுக்கும்போதும் காட்டும்போதும் அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் பதித்த சக்கரம் சுழலும். பார்ப்பவர் கண்ணில் வண்ணம் வந்துவிடும். யாராவது அசைந்தால் மட்டும் ஓரமெல்லாம் சாயம் பிசிறடிக்கும். அதனால் ஹாரியட்டைத் தக்காளிக் கூடையோடு புல்தரையில் உட்கார வைத்து, "அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாதே" என்றான். அவள் உதடு அசையாமல், "மூக்குல குளவி உட்கார்ந்திருக்குடா, பாவி!" என்றாள். என் மனைவி வாயை அடக்கி உட்கார்ந்ததை நான் கண்டது அன்றுதான். நாய் வாலை ஆட்டி, படத்தில் இரட்டை வால் பெற்றது.

நேற்று தேவாலயக் கூடம் நிரம்பி வழிந்தது. சக்கரத்துக் கண்ணாடிகளில் கைரேகை படிந்திருந்ததால், கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தும் பொறுப்பை நானே வற்புறுத்தி வாங்கிக்கொண்டேன். தகப்பன் என்றால் சும்மாவா? திரையில் படம் விழுந்ததுதான் தாமதம், ஒரே ஆரவாரம்! "ஐயையோ, ஹாரியட்டுக்கு என்ன ஆச்சு!" என்று திருமதி பானெட் எழுந்தே நின்றுவிட்டாள், அத்தனை தத்ரூபம். பாதிரியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரில் ஆனந்தத்தில் இரு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு விம்மியது, ஜேபஸ். உன் தோலை நீயே சுரண்டிக்கொள்.

லூயிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். உன் மூட்டுகள் நன்றாக மடங்கி நீள ஜெபிக்கிறேன்.

உன் அண்ணன்,
ஆல்பர்ட் டப்பன்

பின்குறிப்பு: இதை ஹாரியட்டுக்கு வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். நான் கண்ணாடிகளை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேனாம். தக்காளி பச்சையாம், புல் சிவப்பாம், அவள் முகம் பாசியாம். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நான் வாசலில் நின்று வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது சிரில் சரியாகப் பொருத்தி மறுபடி ஓட்டியிருக்கிறான்; கூடமே எழுந்து நின்று கைதட்டியதாம். "கண்ணாடியை மாத்தினா நிறம் மாறுது, அப்ப என் முறை சரின்னுதானேப்பா அர்த்தம்?" என்கிறான். ஆகையால் அவன் உன் கிடங்குக்கு வரமாட்டான்.

இன்னொன்று. நம் அப்பாவின் அடக்கத்துக்கு நான் கட்டி வந்த கறுப்பு டையை ஹாரியட் இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தாள். ரத்தச் சிவப்பு என்கிறாள். அன்று அவள் பிரசவப் படுக்கையில் இருந்தாள். என் பக்கத்தில் நின்றவன் நீ. "டை பிரமாதம்ணே" என்றவனும் நீ. மறு தபாலில் பதில் வேண்டும்.